கால்சியம் ஊற்றியும் பாறை ஏன் ஊதாவாக மாறவில்லை?

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கிறேன். மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி வைத்து எட்டு மாதங்கள் ஆகின்றன. கொளத்தூரில் வாங்கிய உலர் பாறை, இரண்டு கோமாளி மீன்கள், சில மென்பவளங்கள் உள்ளன. மற்றவர்களின் தொட்டிகளில் பாறையை மூடியிருக்கும் ஊதா நிறக் கோரலின் பாசி என் தொட்டியில் ஒரு புள்ளிகூட வரவில்லை. பச்சைப் பாசிதான் மண்டுகிறது. கடைக்காரர் சொன்னபடி மூன்று பாட்டில் கால்சியம் ஊற்றிவிட்டேன். இப்போது கால்சியம் 440 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), காரத்தன்மை 6 டிகேஎச் (அதன் அலகு), மெக்னீசியம் 1120 பிபிஎம், உப்பு அளவு 1.022 (நன்னீரை 1 என்று கொண்ட அடர்த்தி). வீட்டு ஆர்ஓ தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறேன். கரைந்த உப்புகளைக் குறிக்கும் டிடிஎஸ் 70 காட்டுகிறது. வெள்ளை எல்ஈடி விளக்கு நாளைக்கு 12 மணி நேரம் எரிகிறது. கடல் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து நீரோ கல்லோ எடுத்து வரலாமா?

பதில்: எண்களோடு எழுதியதற்கு முதலில் நன்றி. உங்கள் தொட்டியின் சிக்கல் அந்த எண்களிலேயே தெரிகிறது. நான்காவது பாட்டில் வாங்காதீர்கள்.

கோரலின் என்பது சிவப்புப் பாசி இனம். மற்றப் பாசிகளைப் போல வழவழப்பாக இல்லாமல் தன் செல் சுவர்களிலேயே சுண்ணாம்பைப் படியவைத்துக் கல்லாகிறது. அந்தச் சுண்ணாம்பில் மெக்னீசியமும் கணிசமாகச் சேர்ந்திருக்கும். எனவே அதற்குக் கால்சியம், கார்பனேட், மெக்னீசியம் மூன்றும் வேண்டும். கடைகளில் பேசப்படுவது முதலாவது மட்டும். ஆனால் வீட்டுத் தொட்டியில் முதலில் தீர்வது பெரும்பாலும் இரண்டாவது; அதன் கையிருப்பைக் காட்டுவதுதான் காரத்தன்மை. காரத்தன்மை 1 டிகேஎச் குறையும் அளவுக்குச் சுண்ணாம்பு படிந்தால் கால்சியம் ஏறக்குறைய 7 பிபிஎம்தான் குறைகிறது. 400க்கு மேல் கையிருப்பு உள்ள கால்சியத்துக்கு 7 ஒரு பொருட்டே இல்லை. எட்டோ ஆறோ மட்டுமே இருக்கும் காரத்தன்மைக்கு ஒன்று பெரிய இழப்பு. அரிசி மூட்டை மூட்டையாக இருந்தும் அடுப்பில் எரிவாயு இல்லாத சமையலறை போன்றது உங்கள் தொட்டி.

இப்போது உப்பு அளவுக்கு வருவோம். 1.022 என்றால் லிட்டருக்குச் சுமார் 30 கிராம் உப்பு. இயல்பான கடல்நீரில் 35 கிராம். அதில் கால்சியம் 410, மெக்னீசியம் 1280, காரத்தன்மை 7 டிகேஎச் என்ற அளவில் இருக்கும். அதைச் சுமார் 30க்கு நீர்த்துப் பாருங்கள்: மெக்னீசியம் 1100 பக்கம் வரும், காரத்தன்மை 6. உங்கள் எண்களேதான்! மெக்னீசியம் குறைவாக இருப்பது தனி நோயல்ல. தொட்டியில் உப்பே குறைவு. கால்சியம் மட்டும் 440இல் நிற்பது அந்த மூன்று பாட்டில்களால்.

ஆகவே முதலில் உப்புமானியைச் சரிபாருங்கள். பிளாஸ்டிக் முள் அசையும் வகையானால் அதை நம்ப வேண்டாம். ஒளிமுறிவுமானி (ரிஃப்ராக்டோமீட்டர்) வாங்கி, சுத்த நீரில் அல்லாமல் 35 கிராம் அளவுள்ள ஒப்பீட்டுக் கரைசலில் அதன் அளவைச் சரிசெய்யுங்கள். 1.022 உண்மைதான் என்றால், ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சில நாட்கள் நன்னீருக்குப் பதில் உப்புநீரை ஊற்றி, நாளைக்கு 0.001க்கு மிகாமல் 1.025 அல்லது 1.026க்கு ஏற்றுங்கள். மெக்னீசியம் தானாக 1300ஐ ஒட்டி வந்துவிடும். கால்சியம் 500ஐத் தாண்டும். பயப்பட வேண்டாம், வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றிவந்தால் மெல்ல இறங்கும்.

காரத்தன்மை அப்போது 7 அளவில் நிற்கும். அதை 8க்கு ஏற்ற நம் வீட்டு ஆப்பசோடாவே போதும். 100 லிட்டருக்கு 3 கிராம் சேர்த்தால் 1 டிகேஎச் உயரும். பாறை, மணல் போக உங்கள் தொட்டியில் 150 லிட்டர் இருக்கலாம் என்று கொண்டால் மொத்தம் 4.5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. இரண்டு நாட்களாகப் பிரித்து, சுத்த நீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் ஊற்றுங்கள். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைத் தொடவே வேண்டாம். அதன்பின் வாரம் இருமுறை காரத்தன்மையை அளந்து, குறைந்ததை மட்டும் ஈடுகட்டுங்கள். 8இலேயே நிலையாக நிற்கும் தொட்டியில் கோரலின் வளரும். 7க்கும் 11க்கும் ஊஞ்சலாடும் தொட்டியில் வளராது. இதை நான் பல தொட்டிகளில் பார்த்திருக்கிறேன், அழுத்தியே சொல்வேன்.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். தெளிந்த சுண்ணாம்பு நீர் உலகமெங்கும் பவளத் தொட்டிகளில் பயன்படும் பழைய முறைதான். கால்சியத்தையும் காரத்தன்மையையும் சரியான விகிதத்தில் தரும். ஆனால் அதற்கு வேண்டியது தூய கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. நிறைசெறிவான சுண்ணாம்பு நீரின் பிஎச் 12ஐத் தாண்டும், துளித்துளியாகத்தான் விட வேண்டும். கால்சியம் 500ஐத் தாண்டப்போகும் உங்களுக்கு இப்போது அது தேவையுமில்லை.

தண்ணீர் விஷயத்தில்தான் வடசென்னைக்காரர்கள் அதிகம் சறுக்குகிறோம். புழல் ஏரி நீர், மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலைய நீர், லாரி நீர், உவர்ப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீர் என்று நம் குழாயில் வருவது ஒரே தன்மையில் இருப்பதில்லை. குடிக்கும் ஆர்ஓ கருவி சுவைக்காக வடிகட்டாத நீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலக்கிறது; உங்கள் 70 டிடிஎஸ் அதனால் இருக்கலாம். அந்தக் கலப்புக் குமிழை முழுவதும் மூடச் சொல்லுங்கள். தாதுக் குடுவை இருந்தால் அதற்கு முன்னாலேயே நீரைப் பிடித்து, கடைசியில், எஞ்சிய அயனிகளை நீக்கும் டிஐ பிசின் குடுவை ஒன்றைச் சேருங்கள். டிடிஎஸ் பூஜ்யமாக வேண்டும். கேன் தண்ணீரும் இதற்கு உதவாது. பாஸ்பேட் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. பச்சைப் பாசி மண்டுவதைப் பார்த்தால் அதிகம் என்றே நினைக்கிறேன். கோரலின் சுண்ணாம்பு கட்டுவதை அதிகப் பாஸ்பேட் நேராகத் தடுக்கும். 0.1 பிபிஎம்முக்குக் கீழே வையுங்கள். பூஜ்யத்துக்கும் கொண்டுபோக வேண்டாம், வேறு வேண்டாத உயிர்கள் தலையெடுக்கும்.

கடல்நீர் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். நம் கரையோரம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும் கொண்டுவருவதைச் சுமக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் எண்ணெயில் மிதந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்பும் குறைந்துவிடும். கல்லைப் பொறுத்தவரை இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது உயிர்ப்பாறை (உயிர்கள் குடியேறிய கடற்பாறை) நீட்டினால் வாங்காதீர்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அங்கே பல பவளங்களின் இளம் உயிர்கள் (லார்வாக்கள்) கோரலின் படிந்த பரப்பை உணர்ந்துதான் உட்காருகின்றன. நம் அழகுக்காகப் பெயர்க்கும் ஒவ்வொரு கல்லும் அவற்றின் தொட்டில்.

அப்படியானால் வித்துக்கு எங்கே போவது? உலர் பாறையில் உயிர் எதுவுமில்லை, வித்தில்லாமல் எத்தனை மாதம் காத்தாலும் முளைக்காது. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கேளுங்கள். அவர் கண்ணாடியிலிருந்து சுரண்டும் ஊதாச் செதிள்களை அவர் தொட்டி நீரிலேயே, காயவிடாமல் கொண்டு வாருங்கள். வடிகட்டிப் பையையும், நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் இரண்டு மணி நேரம் நிறுத்தி, அலைப் பம்பு மட்டும் ஓடும்போது தூவுங்கள். ஓட்டில் ஊதா படிந்த நத்தை கிடைத்தால் இன்னும் நல்லது. நடமாடும் நாற்றங்கால் அது, பச்சைப் பாசியையும் மேய்ந்து இடம் ஒதுக்கும். மீன் இல்லாத வாளியில் சில வாரங்கள் தனியே வைத்த பிறகே விடுங்கள். வெண்புள்ளி நோய் நத்தை ஓட்டிலும் ஒட்டிவரும்.

விளக்கை எட்டு மணி நேரமாகக் குறைத்து நீலத்தை முன்னிறுத்துங்கள். கோரலினின் செந்நிறமி நீல, பச்சை ஒளியை உண்பது. பஹாமாஸ் அருகே 268 மீட்டர் ஆழத்தில்கூட ஓர் இனம் கண்டறியப்பட்டிருக்கிறது. அதனால் அதிக வெளிச்சத்தில் அது வெளுத்துப்போகிறதே ஒழிய வேகமாக வளர்வதில்லை. சித்திரை, வைகாசியில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டாமல் பார்ப்பது இதைவிட முக்கியம். 25இலிருந்து 27 வரை உகந்தது. நம் கடலோர ஈரக் காற்றில் மின்விசிறியால் அதிகம் குளிராது. தொட்டி படுக்கையறையில் இருந்து இரவெல்லாம் கதவடைத்து ஏசி ஓடினால், நாம் விடும் மூச்சின் கரியமில வாயுவே பிஎச்சை 7.8க்கு இறக்கிவிடும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுங்கள்.

வித்திட்ட இரண்டாம் மாதத்திலிருந்து கைவிளக்கோடு தேடுங்கள். பாறையின் உச்சியில் அல்ல. பம்பின் முதுகிலும் நீர் வழியும் மூலையிலும் பாறையின் அடிநிழலிலும். பெரம்பூரில் என் தொட்டியின் முதல் புள்ளி பம்பின் கறுப்பு மூடியில், மிளகளவு இளஞ்சிவப்பாக இருந்தது. அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஊதாவாகப் படர்வது நகம் பட்டு ஏடாக உரிந்தால் அது கோரலின் அல்ல, சயனோ எனும் நுண்ணுயிர்ப் படலம். கோரலின் நகத்துக்கு அசையாது. பாறை மூட ஓராண்டு ஆகலாம்.

படர ஆரம்பித்ததும் அதன் பசியும் கூடும், காரத்தன்மை முன்னைவிட வேகமாக இறங்கும். சோடாவின் அளவை அதற்கேற்பக் கூட்டுங்கள். கண்ணாடியில் வருவதைப் பிளேடால் சுரண்டி நீரிலேயே விடுங்கள், அது அடுத்த வித்து. பம்பு இறுகிப் போனால் கழற்றி, நீர் கலந்த வெள்ளை வினிகரில் ஊறவைத்துத் தேயுங்கள். அதற்கு முன் மூடியிலிருந்து சில செதிள்களைப் பெயர்த்துத் தொட்டிக்குள் போட்டுவிடுங்கள்.