வானம் தோண்டுமுன் மண்ணைப் பார்த்தல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நெல்லை மாவட்டம் மானூர் பக்கம் எங்களுக்குப் பூர்வீகமான 6 சென்ட் கரிசல் நிலத்தில் மாடியோடு வீடு கட்ட எண்ணியுள்ளோம். பக்கத்து வீடு 4 அடி வானத்தில்தான் (அஸ்திவாரக் குழியில்தான்) நிற்கிறது, மண் பரிசோதனை வீண் செலவு என்கிறார் கொத்தனார். பரிசோதனை இல்லாமல் பிளான் போடமாட்டேன் என்கிறார் எஞ்சினியர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: எஞ்சினியர் சொல்வதைக் கேளுங்கள். கொத்தனாரின் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. செம்மண்ணிலும் சரளிலும் அவர் கணக்கு பெரும்பாலும் பிழைபோகாது. கரிசலின் குணம் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரைக் குடித்து உப்பி, சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துச் சுருங்கும் மண் அது. அதிலும் வெளிச்சுவரின் அடிமண் நனைந்திருக்கும்போது நடு அறையின் அடிமண் காய்ந்தே கிடப்பதால், வீட்டின் ஒரு பக்கம் எழும்ப, மறுபக்கம் அசையாமல் நிற்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும், ஒரு பருவத்தில் எளிதாகச் சாத்தி மறு பருவத்தில் நிலையில் இடிக்கும் கதவும் இதன் அடையாளங்கள். பக்கத்து வீட்டில் இவை உண்டா என்று ஒருமுறை விசாரியுங்கள். புதிதாக வெள்ளையடித்திருந்தால் சுவரைப் பார்த்துத் தெரியாது, வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

செலவில்லாத முதல் சோதனை, அருகிலுள்ள கிணற்றை எட்டிப் பார்ப்பது. எத்தனை அடிவரை கரிசல், எங்கே சுக்கான் (கெட்டியான சுண்ணாம்புக்கல் அடுக்கு) தொடங்குகிறது, எங்கே பாறை தட்டுகிறது என்பதைக் கிணற்றின் பக்கச் சுவரே காட்டிவிடும். ஆனால் பத்தடி தள்ளினாலும் அடுக்கு மாறக்கூடும் என்பதால், உங்கள் மனையிலேயே துளையிட்டாக வேண்டும். புட்டிங்கின் (வீட்டின் பாரத்தை மண்ணில் பரப்பும் அகன்ற அடித்தளத்தின்) அடியிலிருந்து அதன் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழம்வரை மண்ணைப் பார்ப்பது வழக்கம். 5 அடி ஆழத்தில் 5 அடி அகலப் புட்டிங் என்றால் ஏறத்தாழ 12 1/2 அடி. துளையில் குழாயை இறக்கி, 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச்செய்து, முதல் 15 செ.மீ. கழித்து அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவதே எஸ்.பி.டி. சோதனை. கோடையில் காய்ந்த கரிசல் கல்போல் இருக்குமாதலால் இந்த எண் நன்றாகவே வரும். அதை மட்டும் நம்பி ஏமாறக் கூடாது.

ஆகவே, ஆய்வகத்தில் உப்புதிறன் (மண் நீரில் எவ்வளவு உப்பும் என்ற) சோதனையும் வேண்டுமென்று எழுதியே கேளுங்கள். சலித்த உலர்மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு கண்ணாடிக் குவளைகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி, ஒரு நாள் விட்டுவைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 10 மி.லி. அளவில் படிந்த மண் தண்ணீரில் 16 மி.லி. ஆகியிருந்தால் உப்புதிறன் 60 விழுக்காடு. 50-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை தேவை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை தழைச்சத்து, மணிச்சத்து பார்ப்பதற்கானது, அந்த மண்வள அட்டையோடு வீட்டுக்கு அஸ்திவாரம் போட வந்தவர்களும் உண்டு.

கரிசல் ஆழமில்லையெனில் அதைக் கடந்து சுக்கானிலோ சரளிலோ புட்டிங்கை உட்காரவைக்கலாம். ஆழமாக இருந்தால், அடியில் குடம்போல் அகலும் அண்டர் ரீம்டு பைல் (நிலத்துக்குள் இறங்கும் கான்கிரீட் தூண்) இறக்கி, மேலே கட்டும் பீமுக்கும் மண்ணுக்கும் இடையே 3 அங்குலம் வெற்றிடம் விடுவார்கள். மண் உப்பினாலும் பீமை முட்டாது. எதைச் செய்தாலும், கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் சுவரோரம் தேங்காமல் சுற்றிலும் சரிவாகத் தளம் போடுங்கள்.

கேள்வி: பாளையங்கோட்டைக்கு வெளியே, வயலை மேடாக்கிப் போட்ட பிளாட் ஒன்று வாங்கியிருக்கிறேன். மேலே சரள் கெட்டியாக இருக்கிறது. அதன்மேல் கட்டலாமா?

பதில்: கட்டக் கூடாது. லாரியில் கொட்டிப் பரப்பிய சரள், மேலே எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும், அடியில் வயலின் சேற்றுக் களியின்மேல்தான் கிடக்கிறது. கொட்டிய மண்ணை முழுவதும் தாண்டி, வயல்மண்ணுக்கும் கீழே உறுதியான அடுக்குவரை அஸ்திவாரம் இறங்க வேண்டும். சோதனையைப் பிசான நெல் பருவத்துக்குத் தண்ணீர் பாயும் காலத்தில் வைத்துக்கொண்டால், நிலத்தடி நீர் எவ்வளவு மேலே ஏறும் என்பதும் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: திசையன்விளை அருகே எங்கள் மனை தேரி மணல் (செம்மணல் மேடு). இதற்கும் பரிசோதனை வேண்டுமா?

பதில்: வேண்டும். தேரி மணல் கரிசல்போல் உப்பாது என்றாலும், தளர்வாகக் கிடந்தால் முதல் பெருமழையில் திடீரென அமரும். எவ்வளவு நெருக்கமாகப் படிந்திருக்கிறது என்பதை எஸ்.பி.டி. சொல்லிவிடும். தோண்டும்போது பக்கச் சரிவுக்கு முட்டுக்கொடுக்காமல் ஆளைக் குழிக்குள் இறக்காதீர்கள்.