கேபின் கதவுக்குள் நுழையுமா உங்கள் ஸ்ட்ரோலர்?

கேள்வி: ஒன்றரை வயது மகளோடு ஏழு நாள் குரூஸ் போகிறோம். வீட்டில் பெரிய சக்கரம் வைத்த, நல்ல உறுதியான ஸ்ட்ரோலர் இருக்கிறது. அதையே கொண்டுபோகலாமா, சின்னதாக ஒன்று வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் ஒரு டேப் எடுத்து, விரித்த நிலையில் அதன் அகலத்தை அளந்து பாருங்கள். பின்சக்கரங்களின் வெளிவிளிம்பு வரை அளக்க வேண்டும். பல கப்பல்களில் சாதாரண கேபினின் கதவு வழி 56, 58 சென்டிமீட்டர்தான் இருக்கும். பெரிய ஸ்ட்ரோலர்கள் பல 60-ஐத் தாண்டிவிடும். இரட்டைக் குழந்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கும் வகையென்றால் கேட்கவே வேண்டாம்.

நுழையாவிட்டால் வெளியே நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றும். விடமாட்டார்கள். அந்த காரிடார் அவசரத்தில் ஆட்கள் வெளியேறும் வழி. அங்கே எதையும் வைக்கக் கூடாது. ஆக, இரவுச் சாப்பாடு முடிந்து திரும்பும்போது மகள் வண்டியிலேயே தூங்கியிருப்பாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டு, சாவி அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் ஒரு கையால் ஸ்ட்ரோலரை மடக்க வேண்டும். ஏழு இரவும் இதே கூத்துதான். விரித்தபடியே உள்ளே உருட்டிப்போக முடிந்தால், அவள் கண் திறக்காமலே இரவு முடிந்துவிடும்.

கேபினுக்குள்ளும் இடம் குறைவு. குழந்தைக்குத் தொட்டில் கேட்டு வாங்கிப் போட்டால், தரையில் நடக்க ஒரு சந்துதான் மிஞ்சும். அதனால் மடக்கினால் எவ்வளவு சின்னதாகிறது என்பதும் முக்கியம். குடைபோல மடங்கும் வண்டி எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் மடக்கியபின் ஒரு மீட்டர் நீளத்துக்குக் குச்சியாக நிற்கும், பெரும்பாலும் முதுகும் சாயாது. ஒன்றரை வயதில் மதியத் தூக்கம் இன்னும் போயிருக்காது, அதனால் சாயும் முதுகு வேண்டும். பெட்டிபோலச் சுருண்டு மடங்குகிற, ஏழு கிலோவுக்குள் இருக்கும் வகையைத்தான் நான் வாங்கச் சொல்வேன். அது கட்டிலுக்கு அடியிலோ அலமாரியிலோ போய்விடும். வாங்கும்முன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே கையால் மடக்கிப் பாருங்கள். முடியவில்லையா, அடுத்ததைப் பாருங்கள்.

இந்த ஒரு கைப் பயிற்சி துறைமுகத்திலும் உதவும். சில இடங்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது, சிறிய டெண்டர் படகில் ஏறித்தான் போக வேண்டும். படகு ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருக்கும். குழந்தை உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். மடக்கிய வண்டியை ஊழியர் வாங்கிக்கொள்வார். கிரீஸ் நாட்டின் சாண்டோரினி தீவு அப்படிப்பட்ட துறைமுகம். அங்கே பழைய துறைமுகத்திலிருந்து மேலே ஊருக்குப் போக கேபிள் கார், இல்லையென்றால் ஏறத்தாழ 600 படிகள். குரோஷியாவின் டுப்ரோவ்னிக் பழைய நகரில் முக்கியத் தெரு வழவழவென்று சமமாக இருக்கும். பல சந்துகளில் திரும்பினால் படிக்கட்டுதான். இப்படிப்பட்ட ஊர்களில் வண்டியைக் கப்பலிலேயே விட்டுவிட்டு, முதுகில் கட்டிக்கொள்ளும் பேபி கேரியரோடு இறங்குங்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால்? படிகள் நிறைந்த ஊர்களே அதிகமென்றால், நான் கேரியரைத்தான் எடுப்பேன்.

ஏறும் நாளன்று ஸ்ட்ரோலரைப் பெரிய பெட்டிகளோடு போர்ட்டரிடம் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பெட்டிகள் கேபினுக்கு வர மாலையாகிவிடலாம், அதுவரை நீங்கள் குழந்தையைச் சுமந்து திரிய வேண்டும்.

திறந்த தளத்தில் நின்றால் ஒரு நிமிடமானாலும் பிரேக் போடுங்கள். காற்றும் கப்பலின் ஆட்டமும் சேர்ந்தால் காலி வண்டி தானே கிளம்பிவிடும். இன்னொன்று: எடை குறைந்த வண்டியின் கைப்பிடியில் கனமான பையை மாட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கினால், அது அப்படியே பின்னால் சாயும். பையை அடிக்கூடையில் வையுங்கள்.

அப்புறம், கடற்கரைக்குப் போய் வந்த அன்று மடக்கும் மூட்டுகளை நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். மணலும் உப்பும் உள்ளே தங்கினால், முதல் நாள் ஒரு கைக்கு மடங்கிய வண்டி ஐந்தாம் நாள் இரண்டு கைக்கும் மடங்காது.