பட்டியலில் பெயரில்லை, தரகர் பணம் கேட்கிறார்: என்ன செய்வது?

கேள்வி: களனி கங்கைக்கு அருகே மூன்று ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறோம். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தது. வீட்டுத் துப்புரவுக்கு அரசாங்கம் கொடுத்த 25,000 ரூபாய் எங்களுக்குக் கிடைக்கவில்லை, பட்டியலில் பெயரில்லையாம். பணம் கொடுத்தால் பெயரைச் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அந்த ஆளிடம் பட்டியல் இல்லை. அது கிராம சேவகரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்துக்கும் பிறகு மாவட்டச் செயலகத்துக்கும் போகிறது. சுனாமி அடித்த மறு ஆண்டில், 2005 இன் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. தேசிய சபை, நிலையம், மாவட்டப் பிரிவு, திட்டம், ஒத்திகை என்று மேலே அடுக்கிக்கொண்டே போனார்கள். அத்தனையும் கடைசியில் ஒரு கிராம சேவகரின் கொப்பியில் வந்து நிற்கிறது. அதில் நீங்கள் இல்லையென்றால், அரசாங்கத்தைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவே இல்லை.

பிரதேச சபைக்குப் போய் வரிசையில் நிற்காதீர்கள். வடிகானும் குப்பையும் சபையின் வேலை; நிவாரணப் பணம் பிரதேச செயலகத்தின் வேலை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் சனம் இரண்டுக்கும் நடுவில் அலைகிறது, தரகருக்கு அந்த அலைச்சலே பிழைப்பு. மாகாண சபையைக் கேட்கலாமே என்பீர்கள். மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 இல்!

வாடகைக்காரருக்கு உரிமையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதைச் சற்று விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இடறுவது இங்கேதான். சுவர் இடிந்தால், கூரை போனால், அந்த நட்டஈடு வீட்டுச் சொந்தக்காரருக்கு உரியது. சேற்றை அள்ளிக் கழுவுகிறவர் குடியிருப்பவர். டித்வாவுக்குப் பின் கொடுத்த துப்புரவுப் பணம் வீடு யாருக்குச் சொந்தம் என்று பார்த்துக் கொடுத்ததல்ல. ஆனால் நீங்கள் அங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். சொந்தக்காரர் பதிவுக்குத் தடை சொல்வார், பிறகு வீட்டை விட்டு எழும்பமாட்டீர்கள் என்ற பயம் அவருக்கு. கிராம சேவகரிடம் பதிவது வதிவிடத்தைத்தான், அது காணி உறுதியாகிவிடாது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டை, பிள்ளையின் பாடசாலைக் கடிதம், உங்கள் பெயருக்கு அந்த விலாசத்தில் வந்த எந்தக் கடிதமானாலும் எடுத்துக்கொண்டு, மழைக்கு முன்பே போய்ப் பதிந்துகொள்ளுங்கள்.

தரகரின் வித்தை எனக்குப் பழக்கமானது. வெள்ளத்துக்குப் பின் ஒரு பாடசாலை முகாமில், ஒரு அம்மா பொலித்தீன் பையிலிருந்து நான்காக மடித்த படிவமொன்றை எடுத்துக் காட்டினார். பெயர் அவருடையது, கையொப்பமும் அவருடையது. வங்கிக் கணக்கு இலக்கம் மட்டும் வேறு யாருடையதோ. படிவம் சிங்களத்தில் இருந்தது, அவருக்கு வாசிக்கத் தெரியாது. வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். வங்கிப் புத்தகத்தின் பிரதியை யாரிடமும் விட்டு வராதீர்கள். தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. அலுவலகத்தில் முகம் சுளிப்பார்கள், சுளித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த வெள்ளத்தில், களனி கங்கையின் நீர்மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலைச் செய்தியில் கவனியுங்கள்: 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. தண்ணீர் வடிந்ததும் சுவரைக் கழுவ ஓடாதீர்கள். சேற்றுக் கோடு தெரியும்படி, வீட்டு இலக்கமும் விழும்படி படம் எடுத்து, அன்றைக்கே கிராம சேவகருக்கு அறிவியுங்கள்.

தவறிப்போன 25,000 ரூபாய்க்கு இப்போதே பிரதேச செயலாளருக்குத் தமிழில் முறையீடு எழுதி, உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். பதில் வராவிட்டால், ஏன் விடுபட்டோம் என்று 2016 இன் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தத் தரகர் "உள்ளே இருக்கிற ஐயாவுக்கும் பங்கு" என்று சொன்னாரானால், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.