அரிசியை வேகவைத்துப் போடுங்கள்

கேள்வி: வீட்டில் பீர் செய்து பழகுகிறேன். மூன்றரை கிலோ பேஸ் மால்ட்டோடு (பீருக்கு அடிப்படையான, முளைகட்டி உலர்த்திய பார்லி), தேக்கா சந்தையில் வாங்கிய பச்சரிசி ஒன்றரை கிலோவை மிக்சியில் உடைத்துச் சேர்த்து, 66 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். சாறு கலங்கலாக வந்தது, இனிப்பும் குறைவு. விற்றவர் என்சைம் பொட்டலம் வாங்கிப் போடச் சொல்கிறார். வாங்கலாமா? (சிங்கப்பூர் ஈசூன் வாசகர்)

பதில்: வேண்டாம். உங்கள் அரிசி வேகவில்லை, அவ்வளவுதான். பச்சரிசியின் மாவுச்சத்து இளகப் பெரும்பாலும் 70 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மாவைச் சர்க்கரையாக்கும், மால்ட்டில் உள்ள நொதிகளோ (என்சைம்கள்) 65 டிகிரியளவில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் ஒரே பானையில் போட்டால் அரிசி அப்படியே கிடக்கும்.

அடுத்த முறை அரிசியைத் தனியாகக் காய்ச்சல்காரருக்கு வைக்கும் கஞ்சிபோலக் குழைய வேகவிடுங்கள். மால்ட்டை 60 டிகிரியில் ஊறப்போட்டு, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 65க்குக் கொண்டுவாருங்கள். கொதிக்கக் கொதிக்க மொத்தமாகக் கொட்டினால் நொதி செத்துவிடும். கஞ்சிக்கு விட்ட தண்ணீரை மொத்தக் கணக்கில் கழிக்க மறக்காதீர்கள்.

வேகவைக்காமல் போடக்கூடியது அவல். நெல்லை ஊறவைத்துச் சூடாக்கித் தட்டுவதால் அதன் மாவுச்சத்து ஏற்கெனவே இளகியிருக்கும். நேராக மால்ட்டோடு சேர்க்கலாம். கெட்டி அவலாக வாங்குங்கள். மெல்லிய அவல் கூழாகி வடிகட்டியை அடைத்துவிடும். பொரியும் ஆகும்தான், ஆனால் கடைப் பொரியில் பெரும்பாலும் உப்பு இருக்கும். மசாலா போட்ட அவல் மிக்சரைக் கொட்டிவிட்டு என்னிடம் வந்தவரும் உண்டு. பொட்டலத்தில் அவல் மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

என்னைக் கோபப்படுத்துவது மால்ட்டைப் பிரித்து விற்பவர்கள்தான். தயாரிப்பாளரின் மூட்டையோடு நொதித்திறன், தேதி எல்லாம் வருகிறது. அதை ஒரு கிலோ பைகளாகக் கட்டும்போது அந்தத் தாள் குப்பைக்குப் போகிறது. எப்போது உடைத்தது என்றுகூட எழுதுவதில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் உடைத்த மால்ட் சீக்கிரம் நமுத்துவிடும். நானே அப்படியொரு பையை நம்பி இரண்டு தடவை முழுப் பானையையும் கொட்டியிருக்கிறேன். கடையிலேயே நாலு மால்ட் மணியைக் கடித்துப் பாருங்கள். வறுத்த கடலைபோல நொறுங்கினால் வாங்கலாம், சவசவவென்று இருந்தால் வேண்டாம். நிறத்துக்கும் சுவைக்கும் சேர்க்கும் கிரிஸ்டல் மால்ட்டைப் பேஸ் மால்ட் என்று தந்தால் திருப்பிக் கொடுங்கள், அதில் நொதியே கிடையாது. பில்ஸ்னர் அல்லது பேல் மால்ட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அது சரியாக இருந்தால் அதிலுள்ள நொதியே உங்கள் 30 சதவீத அரிசிக்குப் போதும்.

செய்த பீரை விற்காதீர்கள். வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் என்ற சுங்கத்துறை வரம்பும் இருக்கிறது.

மால்ட்டையும் அரிசியையும் கலந்து வைத்து ஒரு மணி நேரம் கழித்து, வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டுச் சாற்றின் மேல் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் மாவு மிச்சம் இருக்கிறது; இன்னும் 20 நிமிடம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். சோதித்த சொட்டைப் பானையில் ஊற்றிவிடாதீர்கள்.