சுவரில் மட்டும் வரி விழுவது ஏன்?

கேள்வி: ஸ்டீல் மோல்டு கேவிட்டியை (அச்சின் குழிவை) 6 மி.மீ. விட்டமுள்ள பால்நோஸ் (உருண்டை நுனி) கட்டரில், ராஸ்டர் டூல்பாத்தில் (இணைகோடுகளாகப் போகும் வெட்டுப்பாதையில்), 0.3 மி.மீ. ஸ்டெப்ஓவர் (அடுத்தடுத்த வெட்டுகளுக்கு இடையே உள்ள தூரம்) வைத்து ஃபினிஷிங் (கடைசி நுண்வெட்டு) செய்தோம். அடித்தளம் நன்றாக வந்தது. எதிரெதிரான இரண்டு சரிவுச் சுவர்களில் மட்டும் வரிவரியாக இருக்கிறது. ஸ்டெப்ஓவரை 0.15 ஆக்கியும் வரி போகவில்லை; நேரம்தான் இரட்டிப்பானது.

பதில்: இரண்டு சுவரில் மட்டும் என்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. ராஸ்டரில் ஸ்டெப்ஓவர் என்பது மேலிருந்து பார்க்கும்போது உள்ள இடைவெளி. பாதைக்குக் குறுக்கே சரியும் சுவரில் அது நீண்டுவிடும். 75 டிகிரிச் சுவரில் 0.3 என்பது மேற்பரப்பில் சுமார் 1.16 மி.மீ.

இரண்டு வெட்டுகளுக்கு நடுவே நிற்கும் மேட்டின் உயரம், தோராயமாக இடைவெளியின் வர்க்கத்தைக் கட்டர் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வருவது. தளத்தில் 0.004 மி.மீ.; அந்தச் சுவரிலோ 0.056. ஸ்டெப்ஓவரைப் பாதியாக்கினாலும் 0.014 மிஞ்சும், நகத்தில் தட்டும். தளத்துக்குத் தேவையில்லாத நேரமும் வீணாகும்.

கேமில் (வெட்டுப்பாதை போடும் மென்பொருளில்) வேலையை இரண்டாகப் பிரியுங்கள். 45 டிகிரிக்கு மேல் சரிவான இடங்களுக்கு வாட்டர்லைன் (சுவரைச் சுற்றி மட்டம் மட்டமாக இறங்கும் பாதை), ஸ்டெப்டவுன் (ஒவ்வொரு மட்டத்துக்கும் இறங்கும் அளவு) 0.3; அதைவிடச் சரிவு குறைந்த இடங்களுக்கு ராஸ்டர். இரண்டும் 1 மி.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும், இல்லையென்றால் சேரும் இடத்தில் கோடு தெரியும். வாட்டர்லைனில் ஒவ்வொரு மட்டத்திலும் கட்டர் ஒரே இடத்தில் இறங்கினால் சுவரில் செங்குத்தாக ஒரு தழும்பு விழும். சுற்று மூடியதாக இருந்தால் ஸ்பைரலாக இறங்கும் வசதியைப் போடுங்கள். இல்லையென்றால் வளைவான லீட்-இன் (கட்டர் வெட்டுக்குள் நுழையும் பாதை) கொடுத்து, தொடக்கப் புள்ளியைக் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளுங்கள். போக வர வெட்டாமல் ஒரே திசையில், கிளைம்ப் முறையில் (வெட்டும் இடத்தில் கட்டர் பல் போகும் திசையும் வேலைப்பொருள் நகரும் திசையும் ஒன்றாக இருக்கும்படி) ஓட்டுங்கள்.

செமி-ஃபினிஷிங்கில் (ஃபினிஷிங்குக்கு முந்தைய வெட்டில்) எல்லா இடத்திலும் ஒரே அளவு, 0.15 மி.மீ. போல, உலோகம் மிச்சம் இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மூலையில் கட்டர் வளைந்து மேற்பரப்பைத் தோண்டும். பாதையை எவ்வளவு திருத்தினாலும் பலன் இல்லை.

தளம் பளபளக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பால்நோஸ் நுனியில் வெட்டு வேகம் பூஜ்யம். அங்கே வெட்டுவதைவிடத் தேய்ப்பதே அதிகம். தளம் சமதளம் என்றால் புல்நோஸ் கட்டருக்கு (தட்டை நுனி, உருண்ட ஓரம்) மாறுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வளைவுகளில் வரிக்குப் பதில் சிறுசிறு பட்டைகள் தெரிந்தால், கேமின் டாலரன்ஸைப் (பாதை உண்மையான வடிவத்திலிருந்து விலகலாம் என்ற அளவை) பாருங்கள். 0.01 இருந்தால் 0.002 ஆக்குங்கள். புள்ளிகள் பெருகும் என்பதால் கன்ட்ரோலரில் லுக்-அஹெட் வசதி (வரப்போகும் புள்ளிகளை முன்கூட்டியே படித்து வேகத்தைச் சரிசெய்வது) இயங்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் திக்கித்திக்கி ஓடி புதுத் தழும்புகளைப் போடும்.