ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி: வரைபடம் இல்லினாய்க்குப் போகச் சொல்கிறது, டிக்கெட்டும் கிடைக்கவில்லை

ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி அருங்காட்சியகத்துக்கு வழி தேடினால் வரைபடம் இல்லினாய் மாநிலத்தைக் காட்டுகிறது, டிக்கெட்டும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போக வேண்டியது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு. நுழைவு இலவசம், அதனால்தான் டிக்கெட் பக்கம் கண்ணில் படவில்லை.

இல்லினாயில் இருப்பது அதே பெயர் கொண்ட தனியார் துப்பாக்கி நிறுவனம். மாசசூசெட்ஸில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை (இப்போதைய அருங்காட்சியகம்) 1968இல் மூடப்பட்ட பிறகு அந்த நிறுவனத்தார் அதன் பெயரை வைத்துக்கொண்டார்கள். வரைபடம் குழம்பியது இதனால்தான் இருக்கும். பெயரோடு ‘நேஷனல் ஹிஸ்டாரிக் சைட்’ சேர்த்துத் தேடுங்கள். தேசியப் பூங்காத் துறையின் பக்கம் வந்தால் சரியான இடம்.

உள்ளே, மஸ்கட்டுகள் எனும் பழைய நீளத் துப்பாக்கிகளை, ஆர்கன் இசைக்கருவியின் குழாய்கள்போலச் செங்குத்தாக வரிசை வரிசையாக அடுக்கிய ‘ஆர்கன்’ சட்டத்தைத் தவறவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய எம்1 காரண்ட் ரைஃபிளைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம், திறக்கும் நாள்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். கிளம்புமுன் அதே பக்கத்தில் பார்த்துவிடுங்கள். அருங்காட்சியகத்தை ஒட்டியே கல்லூரி வளாகம் இருக்கிறது, வழி மாறிவிட்டதோ என்று திரும்பிவிட வேண்டாம்.