தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டன்: எதிரொலி காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: 24 காரட் தங்கக் கட்டிகளை உரைகல்லிலும் கேரட் மீட்டரிலும் (எக்ஸ்-கதிரால் தூய்மையை அளக்கும் கருவி) சோதித்தே வாங்குகிறோம். உள்ளே டங்ஸ்டன் வைத்த கட்டிகள் இவ்விரண்டுக்கும் தப்பிவிடும் என்கிறார்கள். கட்டியை வெட்டாமல் மீயொலியால் (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) கண்டறிய முடியுமா?
– நகைக்கடை உரிமையாளர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: முடியும். உரைகல்லும் கேரட் மீட்டரும் மேல்தோலோடு நின்றுவிடுகின்றன. தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்ப்பதும் இங்கே கைகொடுக்காது. ஒரு கன சென்டிமீட்டர் தங்கத்தின் எடை 19.3 கிராம், டங்ஸ்டனின் எடை ஏறக்குறைய 19.25 கிராம். மோசடிக்காரர்கள் இந்த உலோகத்தைத் தேடிப் பிடித்ததே அதனால்தான். ஆனால் ஒலியின் வேகம் தங்கத்தில் நொடிக்குச் சுமார் 3,240 மீட்டர் என்றால், டங்ஸ்டனில் சுமார் 5,200 மீட்டர்.

கட்டியின் மேல் சிறிது ஜெல் தடவி, புரோபை (மீயொலியை அனுப்பி, எதிரொலியை வாங்கும் முனை) வைத்து அழுத்தினால், அதிலிருந்து கிளம்பும் மீயொலித் துடிப்பு அடிப்பக்கம் வரை சென்று திரும்புகிறது. போய்வந்த நேரத்தைக் கருவி தடிமனாகக் கணக்கிடுகிறது. 10 மி.மீ. தடிமனுள்ள கட்டியின் நடுவில் 6 மி.மீ. டங்ஸ்டன் இருந்தால், ஒலி அங்கே விரைந்து கடந்துவிடுவதால், தங்கத்தின் வேகத்துக்கு அமைக்கப்பட்ட கருவி 7.7 மி.மீ. என்றே காட்டும். வெர்னியர் அளவுகோல் காட்டும் உண்மைத் தடிமனோடு இது பொருந்தாதபோதே குட்டு வெளிப்பட்டுவிடும். மேலும், இரு உலோகங்களும் சந்திக்கும் எல்லையிலேயே ஒலியின் ஒரு பகுதி திரும்புவதால், அடிப்பக்க எதிரொலிக்கு முன்பாக இன்னொன்று திரையில் எழும். இரு உலோகங்களும் இறுகப் பிணைந்திருந்தாலும், அந்த எதிரொலியின் வீச்சு (வலிமை) எல்லைக்கு வந்துசேரும் ஒலியின் வீச்சில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்; இடையில் தலைமுடியைவிட மெல்லிய காற்றிடைவெளி இருந்துவிட்டாலோ, ஏறத்தாழ முழு ஒலியும் அங்கேயே திரும்பிவிடும். உலோகத்துக்குள் மறைந்த விரிசலைக் கண்டுபிடிக்க அமெரிக்க இயற்பியலாளர் ஃப்ளாய்ட் ஃபயர்ஸ்டோன் 1942-இல் காப்புரிமை பெற்ற கருவியும் இந்த எதிரொலியை நம்பியதுதான்.

ஓரிடத்தில் மட்டும் வைத்துப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். துளையிட்டுச் செருகிய டங்ஸ்டன் கம்பி புரோபுக்கு நேர்கீழே இல்லாவிட்டால் சிக்காது என்பதால், முகம் முழுவதும் நகர்த்திப் பார்க்க வேண்டும். வார்ப்புக் கட்டிகளின் மேடுபள்ளமான மேற்பரப்பில் எதிரொலி சிதறும். அச்சடித்த வழவழப்பான கட்டிகளில்தான் அளவு தெளிவாகக் கிடைக்கும். மேற்பரப்பை ஒட்டினாற்போல் உள்ள எல்லையின் எதிரொலி, புறப்படும் துடிப்போடு கலந்து மறையக்கூடும் என்பதால் தடிமன் அளவையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். ஆபரணங்களுக்கு இம்முறை ஒத்துவராது. வளைவும் கல்லும் பற்றவைப்பும் உள்ள இடத்தில் எதிரொலிகள் குழம்பிவிடும். அங்கே ஐயம் வந்தால் உருக்கிப் பார்ப்பதே வழி. தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும்போது, 3,422 டிகிரியில்தான் உருகும் டங்ஸ்டன் மூசையில் (உருக்கும் கலத்தில்) அப்படியே கிடக்கும்.